முன்னங்காலில் ஒரு சத்தம்

ஜூன் 19, ஞாயிறு

பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டியின் முன்பக்கம் 'டொக்' என்றது. ஒருமுறைதான். கல் ஏதாவது கிடந்திருக்கும்.

ஜூன் 20, திங்கள்

கல் இல்லை. இன்று காலை அதே வேகத்தடையில் வேண்டுமென்றே மூன்று முறை ஏறி இறங்கினேன். மூன்று முறையும் டொக். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து எழுந்து வந்து தரையில் தேட ஆரம்பித்தார்கள். போதாததற்கு, பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் அமுங்குகிறது, கைப்பிடியும் அந்தப் பக்கமே இழுக்கிறது.

ஆடி ஒன்றுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது. எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் விவரத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் என்னிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

வண்டி என் மாமனாருடையது. அறுபத்தெட்டாம் வருடத்து மோட்டார் சைக்கிள். அஞ்சலக ஆய்வாளராக இருந்தவர், மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தார். கடைசியில் அதை மகளுக்கும் மகனுக்கும் பொதுவாக விட்டுப்போனார். தை முதல் ஆனி வரை மகள் வீட்டில், அதாவது வீரவநல்லூரில் என்னிடம். ஆடி முதல் மார்கழி வரை மகன் வீட்டில், அதாவது அம்பாசமுத்திரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சினன் சொரிமுத்துவிடம். கோயில் கட்டளைக்கு முறை வைப்பது போல பதினோரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

கைமாறும் நாளில் வாங்குகிறவர் வண்டியைப் பாபநாசம் சாலையில் நேராக இருக்கும் பகுதிக்குக் கொண்டுபோய், இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பத்து எண்ண வேண்டும். வண்டி நேராகப் போனால் குறையில்லாமல் பெற்றுக்கொண்டதாக அர்த்தம். மாமனார் காட்டிவிட்டுப் போன சோதனை அது. அவர் கையை விட்டால் வண்டி கோடு போட்டது போலப் போகும். எழுபது வயதிலும் போனது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், பெட்ரோல் டாங்கில் ஒரு கீறலைப் பார்த்துவிட்டுச் சொரிமுத்து நாலு சொந்தக்காரர்கள் முன்னால், அத்தான் மாட்டுக்கு ஊசி போடத்தான் லாயக்கு என்று சொன்னான். நான் கால்நடை ஆய்வாளர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன். லேத்தில் சுற்றிச் சுற்றி அவனுக்குத் தலையும் சுற்றிவிட்டது என்று நானும் சொன்னேன். வார்த்தை தடித்து, கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: யார் முறையில் வண்டிக்குக் குறை வருகிறதோ, அவருக்கு அதோடு முறை கிடையாது, வண்டி மற்றவருக்கே. சாட்சி என் மனைவி உலகம்மையும் அவன் மனைவி செண்பகமும். அன்றிலிருந்து கைமாறும் நாளில் தவிர நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஜூன் 21, செவ்வாய்

முன்சக்கரத்துக்குக் காற்று அடித்துப் பார்த்தேன். டொக்.

ஜூன் 23, வியாழன்

அவசரப்பட்டு ஊசியைத் தூக்குகிறவன் வைத்தியன் இல்லை. நொண்டும் மாட்டைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. குளம்பில் ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாக மேலே போக வேண்டும். அதே முறையை வண்டிக்கும் வைத்துக்கொண்டேன். குளம்பு என்றால் சக்கரம். ஆரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே சுருதி. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு விளிம்போடு ஒரு ஈர்க்குச்சியைப் பிடித்தேன், எங்கும் உரசவில்லை. அச்சில் ஆட்டம் இல்லை.

அடுத்து கழுத்து. கைப்பிடி திரும்பும் இடத்தில் இருக்கும் குண்டுகள் தேய்ந்தால் இப்படிச் சத்தம் வரும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கழுத்து மூட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆக மிச்சம் இருப்பது இரண்டு முன்னங்கால்கள்தான். பட்டறைக்காரர்கள் போர்க் என்பார்கள். ஒவ்வொரு காலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான். அதற்குள் எத்தனை மர்மம் ஒளிந்திருக்க முடியும்?

ஜூன் 26, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் எனக்கு வேலையே இருப்பதில்லை. முன்பெல்லாம் இருந்தது. அப்போது அம்பாசமுத்திரத்துக்குப் போய் வண்டியின் இஞ்சினைக் கழற்றிப் பரப்பிவிட்டு, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டு, இரண்டு பேருமாகப் பூட்டிவிட்டு வருவோம். ஒவ்வொரு தடவையும் ஒரு நட்டு மிச்சம் இருக்கும். அதை வைத்து ஒரு வாரம் சிரிப்போம். அது போகட்டும்.

இன்று உலகம்மையை வண்டியில் உட்கார வைத்து, நான் முன்னால் குந்தி, அவளைக் குதிக்கச் சொன்னேன். கையில் கரண்டியோடு வந்தவள் அப்படியே உட்கார்ந்து நாலு முறை குதித்தாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு முறையும் இடது கால் நன்றாக அமுங்கி எழுந்தது. கோளாறு இடதுகாலில்தான் என்று முடிவு செய்தேன்.

"என் தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டா, கைய வச்ச ஒடனே சொல்லிருவான்" என்றாள்.

இறங்கு, குழம்பு தீயப் போகிறது என்றேன்.

ஜூன் 28, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. உலகம்மை தினமும் மாலை செண்பகத்தோடு ஃபோனில் பேசுகிறாள். நாற்பது நிமிடம். என்னதான் பேசுவார்களோ.

ஜூன் 29, புதன்

இடது காலைத் திறந்தேன். மேல் மூடி நட்டு ஸ்பானரை வைத்ததும் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் வேலையாகக் குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடிமேல் உருட்டினால் தெரிந்துவிடும். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும். வீட்டில் அந்த நீளத்துக்கு ஒரே ஒரு கண்ணாடிதான் இருந்தது, அது மாமனாரின் படத்துக்குப் போட்டது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தைச் சமையல் மேடையில் கிடத்தி, அவர் முகத்தின்மேல் அவருடைய வண்டியின் காலையே உருட்டினேன். குழாய் நேராக இருந்தது. உலகம்மை வந்து பார்த்தாள். துணியை எடுத்துவந்து அப்பாவின் நெற்றியில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். அதன் தலையில் ஒரு பித்தளை வளையம் உட்கார்ந்திருந்தது. விரல் அகலம் தடிமன், வண்டியோடு வந்தது இல்லை. ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுக்க யாரோ கடைந்து போட்டது. யாரோ என்ன, எனக்குத் தெரியும். உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் கை கிழிக்காதபடி மழுக்கியிருந்தது. பார்வைக்குப் படாத இடத்தில் போகும் ஒரு சாமானுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவன் இந்தத் தாலுகாவில் ஒருவன்தான்.

ஆக, போன ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவே அவன் முறையில் வண்டிக்குக் குறை வந்திருக்கிறது. அதை மறைத்து உள்ளே முட்டுக்கொடுத்து, கையை விட்டுப் பத்து எண்ண வைத்து என் தலையில் கட்டிவிட்டான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, பித்தளையில் அத்தாட்சி இருக்கிறது. வளையத்தை மேஜைமேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலைப்பாடு.

ஜூன் 30, வியாழன்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. போன வருடம் என் முறையில், வைகாசியிலோ என்னவோ, இடது காலைப் பிடித்திருக்கும் தட்டைத் தளர்த்தி அதை நான் கொஞ்சம் கீழே இறக்கி முடுக்கியது உண்மைதான். வண்டி லேசாக இடது பக்கம் சாய்வது போலத் தோன்றியது. அது ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம். இரண்டு நூல் என்றுகூடச் சொல்லலாம். அது சரிசெய்வது, மறைப்பது என்று ஆகாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

ஜூலை 3, ஞாயிறு

வளையத்தை எடுத்துவிட்டேன். இடது காலைப் பழைய இடத்துக்கே ஏற்றி முடுக்கினேன். புது எண்ணெய், புது சீல். எல்லாம் கம்பெனி கொடுத்தபடி. இனி வண்டி சரியாக இருந்தாக வேண்டும்.

வேகத்தடை: டொக். பிரேக் பிடித்தால் முன்பைவிட மோசமாக இடது பக்கம் போகிறது.

ஜூலை 5, செவ்வாய்

பதினோரு ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. ஒரு கன்று ஈனல். மாடு சுகம், கன்று சுகம், என் சட்டைதான் போயிற்று.

ஜூலை 9, சனி

கூனியூருக்குப் பிரியும் விலக்கில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். முன்பக்கம் ஒரு கணம் இறுகி நின்று, பிறகு டொக்கென்று விட்டுக்கொடுத்தது. வண்டி இடது பக்கம் படுத்தது, நானும் கூடவே படுத்தேன். நாய் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை, அது விழுந்த ஓரம் மணலாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ரோட்டில் இழுபட்டு என் முழங்கையில் தோல் கொஞ்சம் போனது.

வீட்டில் கன்றுக்குட்டி தள்ளிவிட்டது என்று சொன்னேன். உலகம்மை மஞ்சள் வைத்துக் கட்டினாள். "எந்த ஊரு கன்னுக்குட்டி? தார் ரோட்டுலயா மேயுது?" என்றாள். காயத்தில் தார் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

எட்டு நாள் இருக்கிறது.

ஜூலை 12, செவ்வாய்

அரிகேசவநல்லூரில் ஒரு உழவு மாடு நொண்டுகிறது என்று கூப்பிட்டார்கள். மாட்டுக்காரர் வெள்ளப்பாண்டி, மாடு நடக்கும்போது இடது முன்னங்கால் ஊன்றினால் தலை தொபுக்கென்று கீழே போகிறது, இடது காலில்தான் ஏதோ என்று அந்தக் காலுக்கு நாலு நாளாக மருந்துப் பற்றுப் போட்டு வைத்திருந்தார். இருபத்தாறு வருடமாக நான் ஊர் ஊராகச் சொல்லும் பாடத்தை அவருக்கும் சொன்னேன். நோவுள்ள காலில் பாரம் விழாமல் மாடு பார்த்துக்கொள்ளும். நல்ல கால் ஊன்றும்போதுதான் தைரியமாகத் தலையைக் கீழே போடும். நீர் நல்ல காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறீர், கோளாறு மற்றக் காலில் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"என்ன சார், ஒரு மாதிரி ஆயிட்டீய" என்றார் வெள்ளப்பாண்டி.

ஒன்றுமில்லை என்று சொல்லி, வலது குளம்பில் இருந்த முள்ளை எடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். உலகம்மையை மறுபடி வண்டியில் ஏற்றினேன். இந்தத் தடவை இரண்டு கையால் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு குதிக்கச் சொன்னேன். இடது கால் ஒழுங்காக இறங்கி ஏறியது. வலது கால் இறங்கவே இல்லை. அடம்பிடித்து நின்று, கடைசியில் டொக்கென்று ஒரு அங்குலம் இறங்கியது. அது இறங்காததால்தான் பாரமெல்லாம் இடது பக்கம் விழுந்து, இடது கால் அமுங்குவது போலத் தெரிந்திருக்கிறது.

நல்ல காலுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக வைத்தியம். முதலில் நான், பிறகு அவன், திரும்பவும் நான். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டு இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் மளிகைச் சாமான் பட்டியல் இருக்கிறது.

ஜூலை 13, புதன்

வலது காலின் மூடி நட்டு அசையமாட்டேன் என்கிறது. ஸ்பானர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்க ஆரம்பித்துவிட்டன. பல வருடமாக யாரும் திறக்காத நட்டு. இன்னும் பலம் கொடுத்தால் கெட்டுவிடும்.

ஜூலை 14, வியாழன்

சேரன்மகாதேவியில் ஒரு பட்டறையில் காட்டினேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, இதற்கென்று ஒரு ஸ்பானர் கடைந்துதான் திறக்க முடியும் என்றார். யார் கடைவார்கள் என்று கேட்டேன். அம்பையில் சொரிமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் இருக்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்றார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

ஜூலை 15, வெள்ளி

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன். இன்று வளையத்தை மறுபடி இடது காலுக்குள் போட்டேன். காலையும் இரண்டு நூல் கீழே இறக்கினேன். என் தப்பும் அவன் தப்பும் சேர்ந்தால் வண்டி ஓரளவு நேராகப் போகிறது. ஆற்றுப்பாலம் தாண்டி ஆள் இல்லாத சாலையில் பத்து முறை கையை விட்டுப் பார்த்தேன். ஏழு முறை நேராகப் போனது. மூன்று முறை வெட்டி இழுத்தது.

பத்தில் ஏழு. பரீட்சையில் முதல் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அது அந்த ஏழில் ஒன்றாக அமைந்தால் வண்டி கைமாறிவிடும், தையில் என்னிடம் திரும்பி வரும். மூன்றில் ஒன்றாக அமைந்தால் என் முறை போயிற்று. பாபநாசம் சாலை ஓரம் வாய்க்கால் ஓடுகிறது, கரையில் கல் கட்டியிருக்கிறது. அதை நினைக்க வேண்டியதில்லை.

சாப்பிடும்போது உலகம்மை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணு வருசமா நீங்களும் அவனும் அந்த வண்டிட்டதான் பேசுதீய. நேரா பேசுனா என்ன கொறஞ்சா போயிரும்?"

எனக்கு மோர் வேண்டும் என்றேன்.

ஜூலை 16, சனி

வண்டியைத் துடைத்தேன்.

ஜூலை 17, ஞாயிறு, ஆடி ஒன்று

நிதானமாக எழுத வேண்டும். கையில் இன்னும் எண்ணெய் வாசனை போகவில்லை.

ஒன்பது மணிக்கு நானும் உலகம்மையும் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனோம். வேகத்தடை வந்த இடமெல்லாம் அவளை இறக்கிவிட்டு உருட்டினேன். பட்டறை வாசலில் சொரிமுத்து வெள்ளை வேட்டி கட்டி நின்றான். மெலிந்திருக்கிறான். காதோரம் நரை. வாங்க அத்தான் என்றான், வந்தேன் என்றேன். வழக்கமாக அவ்வளவோடு முடியும். செண்பகம் பானகம் கொடுத்தாள். தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள்.

பாபநாசம் சாலைக்கு நாலு பேருமாகப் போனோம், பெண்கள் ஆட்டோவில். நேர்ப்பாதை தொடங்கும் ஆலமரத்தடியில் சொரிமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான். உதைத்ததும் இஞ்சின் எழுந்தது. முதல் கியர் போட்டான். வாய்க்காலில் தண்ணீர் குறைவு, கரைக்கல் நன்றாகத் தெரிந்தது.

பத்தில் ஏழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு பத்தில் மூன்று என்று சொல்லிப் பார்த்தேன். கணக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைச் சொன்னபோது என் கால் தானாக நடந்தது. போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, கைய விடாத" என்றேன். "வண்டி சரியில்ல. வலது கால் இறுகுது. நான் போன வாரம் விழுந்தேன்."

சொல்லி முடித்ததும் என் முறை போயிற்று என்று தெரிந்தது. சாட்சிகள் இரண்டு பேரும் நாலடி தூரத்தில் நிற்கிறார்கள். எனக்கு அழுகை வரும் போல இருந்தது, வண்டிக்காக என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அவன் இஞ்சினை நிறுத்தினான். இறங்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டு, "தெரியும் அத்தான்" என்றான். "அக்கா செண்பகத்துட்ட சொல்லிட்டா. விழுந்ததும் தெரியும். எப்படியாவது பத்து எண்ணி, சரியா இருக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிரணும்னுதான் வந்தேன். இல்லன்னா ஒங்க முற போயிரும்லா."

பிடித்திருந்த கைப்பிடியை அப்போதுதான் விட்டேன்.

"அப்புறம்" என்றான், "இடது கால்ல ஒரு பித்தளை வளையம் கெடக்கும். நான் போட்டது."

பார்த்தேன் என்றேன். நன்றாகக் கடைந்திருக்கிறாய் என்றும் சொன்னேன். அதற்கு முன்னாலேயே அந்தக் காலை நான் இரண்டு நூல் இறக்கியிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அதனால்தானா அளவு ஒத்துவராமல் அந்த வளையத்தை மூன்று முறை கடைய வேண்டி வந்தது என்று கேட்டான். ஆமாம், அதனால்தான்.

வண்டியை உருட்டிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினோம். நாலு கிலோமீட்டர். அவன் கைப்பிடியைப் பிடித்தான், நான் பின்னால் தள்ளினேன். வழியெல்லாம் கோளாறைப் பற்றியேதான் பேச்சு. நான் அரிகேசவநல்லூர் மாட்டின் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவன் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

நட்டுக்கு ஏற்ற ஸ்பானரை அரை மணியில் கடைந்துவிட்டான். நீளமான குழாயை மாட்டி இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். முதலில் நட்டு கிறீச்சிட்டது, அப்புறம் திரும்பியது. மூடியை எடுத்ததும் ஸ்பிரிங் துள்ளி வர வேண்டும். வரவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கொக்கி விட்டு இழுத்தான். இரண்டாகப் பிளந்த ஒரு மரக்கட்டை வந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்து, பிளந்த சிராய்கள் ஸ்பிரிங் வளைவுகளுக்குள் ஆப்பு மாதிரி இறங்கியிருந்தன. அதுதான் வலது காலை இறுக்கி வைத்து, டொக்கென்று விட்டிருக்கிறது.

முதலில் இரண்டு பேருக்கும் புரியவில்லை. சொரிமுத்து இரண்டு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தான். உருண்டையாக, நடுவில் இடுப்பு ஒடுங்கி, ஒரு முனை ரம்பத்தால் அறுக்கப்பட்டு, கையால் பிடிக்க வாகாக. அடியில் ஊதா மைக்கறை.

தபாலாபீஸ் முத்திரையின் கைப்பிடி.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கையை விட்டுப் பத்து எண்ணி, கோடு போட்டது போல ஓட்டிக்காட்டி, எங்கள் இரண்டு பேரையும் பதினோரு வருடம் நடுங்க வைத்த மனிதர், தளர்ந்துபோன ஸ்பிரிங்குக்குச் சர்க்கார் முத்திரையை அறுத்து முட்டுக்கொடுத்து, மூடி முடுக்கி, யாரிடமும் மூச்சு விடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"அப்பாவுமா" என்றான் சொரிமுத்து.

அவ்வளவுதான். அவன் லேத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், நான் எண்ணெய்த் தட்டின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் முழுக்கச் சிரிப்பால் வந்தது என்று நான் சாதிக்கப்போவதில்லை. சத்தம் கேட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். உலகம்மை கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தாளை எடுத்துவந்து, இரண்டாகக் கிழித்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொள்ள ஆளுக்குப் பாதி கொடுத்தாள்.

ஜூலை 18, திங்கள்

மருந்தகத்தில் நல்ல கூட்டம். எல்லா மாடும் அழகாக இருந்தது.

ஜூலை 21, வியாழன்

சொரிமுத்து ஃபோன் செய்தான். உலகம்மைக்கு இல்லை, எனக்கு. இரண்டு காலுக்கும் ஒரே அளவில் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டுவிட்டானாம். கையை விட்டால் இருபது எண்ணினாலும் நேராகப் போகிறதாம். நல்லது என்றேன். வண்டி சரியாகிவிட்டது, முறைப்படி மார்கழி வரை அவனிடம்தான் இருக்க வேண்டும். இனி நான் அம்பாசமுத்திரம் போக வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. சந்தோஷமான செய்திதான். இரவு சாப்பாடு இறங்கவில்லை, மத்தியானம் அதிகம் சாப்பிட்டுவிட்டேன் போல.

ஜூலை 24, ஞாயிறு

காலை ஏழரைக்கு மறுபடி ஃபோன்.

"அத்தான், முன்பக்கம் லேசா ஒரு சத்தம் கேக்கிற மாதிரி இருக்கு. என் காதுக்குச் சரியாப் பிடிபடல. நீங்க ஒருக்கா வந்து பாத்தா நல்லாருக்கும்."

எட்டு மணி பஸ்ஸில் நானும் உலகம்மையும் போய் இறங்கினோம். அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ரயில்வே கேட் வரை போய்வந்தோம். வேகத்தடையில் ஏறினோம், குழியில் இறங்கினோம், பிரேக் பிடித்தோம். திரும்பி வந்து இரண்டு காலிலும் காதை வைத்துக் கேட்டேன். கையை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் விரலை வைத்து அசைத்தேன். இருபத்தாறு வருட அனுபவத்தில் இவ்வளவு ஆரோக்கியமான முன்னங்கால்களை நான் பார்த்ததில்லை. ஒரு சத்தமும் இல்லை.

சொரிமுத்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே செண்பகம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நாலு பேர் சாப்பாட்டுக்கு.

"ஆமா மாப்ள" என்றேன். "ஒரு சத்தம் இருக்கு. இது ஒரு நாள்ல கண்டுபிடிக்கிற சத்தம் இல்ல."